பாப்பா கட்டிலில் ஒரு விரிப்பு போதும்

அன்பு மகளே,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் இடுப்பு வலி என்னைவிட நன்றாக இருக்கிறது, உன் அத்தையின் வாய் எங்கள் எல்லாரையும்விட ஆரோக்கியமாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எட்டு மாதத்து மகாராணியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் இத்தனை பக்கம் என்று நினைப்பாய், போனில் என்றால் நடுவில் ஒரு ஜோக் அடித்துவிட்டு நழுவிவிடுவேனாம், உன் அம்மா சொல்கிறாள், அதனால் கடையின் வெட்டு மேசையைத் துடைத்து, பேனாவைக் கையில் திணித்து, எழுதி முடிக்கிற வரைக்கும் காபி கிடையாது என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து குஷன் உறைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே நிமிர்ந்து, மன்னிப்புக் கேட்டாச்சா என்று வேறு விசாரிக்கிறாள். கேட்கிறேன், முதலில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்ள விடு என்றேன்.

போன மாதம் நீ போனில் பாப்பாவின் கட்டிலைக் காட்டினாய் அல்லவா, மெத்தை மேல் இழுத்து மாட்டிய ஒரு விரிப்பு, அதற்கு மேல் பாப்பா, வேறு ஒன்றுமே இல்லை. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குத்தான் மறந்துபோனால் நன்றாக இருக்கும். ஜெயில்ல கூட ஒரு போர்வை குடுப்பாங்களேம்மா, என் பேத்தி என்ன தப்பு பண்ணினா என்று கேட்டேன். பக்கத்தில் உன் அத்தை, நாம் பிரின்சிபால் என்று பட்டம் வைத்தவள், வேறு உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் டைப் அடித்துவிட்டு இன்றுவரை உலகத்தையே வரிசையில் நிற்கச் சொல்கிறவள், அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஊக்கம் கூடிப்போய், சோபா தைக்கிறவனோட பேத்திக்குத் தலகாணி இல்லையா என்று இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டேன். நீ வேலை இருக்குப்பா என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நான் எது அனுப்பினாலும் சரிப்பா என்று ஒற்றை வார்த்தைதான் பதில் வருகிறது. நான் தைத்த சோபாவைக் குறை சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன், இந்தச் சரிப்பாவைத் தாங்க முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு என் தப்பு எனக்கு உறைக்கவே இல்லை. உன்னிடம் குல்லா பின்னப் போவதாகப் பொய் சொல்லிப் பாப்பாவின் தலை அளவை வாங்கினேனே, அது குல்லாவுக்கு இல்லை. யாரோ பெரிய மனிதர் வீட்டு சோபாவுக்கு வெட்டியதில் மிஞ்சிய நீல வெல்வெட்டில் ஒரு குட்டித் தலையணை தைத்தேன், ஓரத்தில் லேஸ், நாலு மூலையிலும் குஞ்சம். தலைக்கு அளவெடுத்துத் தலையணை தைத்த முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன். அதை உடனே எடுத்து வைக்காமல், நாலு பேர் பார்க்கட்டும் என்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு அழகு என்றார்கள், இந்த ஊரில் எதைத் தொங்கவிட்டாலும் அழகு என்பார்கள், நான் தொங்கினாலும் சொல்வார்கள். அத்தை இருபதாம் தேதி விமானம் ஏறுவதாக இருந்தாள், அவள் பெட்டியில் இந்தத் தலையணை, ஒரு தடிமனான கம்பளி, பக்கத்துக்கு ஒன்றாக அணை வைக்க இரண்டு உருட்டுத் தலையணை என்று எல்லாம் முடிவாகியிருந்தது. நீ வேலைக்குத் திரும்பிய பிறகு ஆறு மாதம் அவள்தான் பாப்பாவைப் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு செய்து, அத்தை சொன்னா எதிர்த்துப் பேசாதே என்று உன் வாயையும் அடைத்து வைத்த மகானும் நான்தான்.

அப்போதுதான் ஒரு நர்ஸ் வந்தாள். குழந்தைகள் கிளினிக்கில் காத்திருக்கிற பெஞ்சு கிழிந்துவிட்டது, ரெக்ஸின் மாற்ற வேண்டும் என்று வந்தவள், மாதிரித் துணியைப் பார்க்காமல் தலையணையைப் பார்த்தாள். யாருக்கு, எத்தனை மாசம் என்றாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அழகு என்று சொல்வாள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன், அவளோ, இதை உங்க மூக்குலயும் வாயிலயும் வெச்சு அழுத்திட்டு மூச்சு இழுங்க சார் என்றாள். உன் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், பின்வாங்க முடியுமா, இழுத்தேன். காற்று வரவில்லை. வெல்வெட் மூக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனது, காற்று வெளியிலேயே நின்றது. முப்பது வருஷமாக இந்தத் துணியை என்ன சொல்லி விற்கிறேன், தூசி கூட உள்ள போகாது சார் என்று சொல்லித்தானே விற்கிறேன். தூசி போகாத துணியில் காற்று மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகுமா என்று ஒரு நாளாவது யோசித்தேனா. பஞ்சு தெரியும், ஸ்பாஞ்சு தெரியும், எந்தத் துணி எத்தனை வருஷம் உழைக்கும் என்று தடவிப் பார்த்தே சொல்வேன், அதில் ஒரு குழந்தை முகத்தைப் புதைத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் இந்த நிபுணரின் மூளையில் உதிக்கவே இல்லை. நீங்க கையால எடுத்துட்டீங்க, எட்டு மாசக் குழந்தை தூக்கத்துல எடுக்குமா என்றாள் அவள். நான் விடாமல், எங்க பொண்ணையும் இப்படித்தான் வளர்த்தோம் ஒண்ணும் ஆகலையே என்றேன். ஒண்ணும் ஆகாதவங்கதான் சார் வந்து சொல்றாங்க, ஆனவங்க எங்க கிளினிக் பக்கமே வர்றதில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பெஞ்சுக்குப் பச்சை ரெக்ஸின் போதும் என்று மாதிரியில் விரலை வைத்தாள். அம்மாவின் மெஷின் நின்றுவிட்டது. நான் தலையணையைக் கழற்றி அங்கேயே தையல் பிரித்தேன். அதைப் பார்த்து அதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்த இரண்டு பேருக்கும் போன் போட்டு முடியாது என்றேன், ஒருத்தர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறேன் என்றார், அங்கேயும் மூச்சு இழுத்துப் பார்த்து வாங்குங்கள் என்றேன், வைத்துவிட்டார்.

இனி பிரின்சிபாலிடம் சொல்ல வேண்டுமே. அம்பத்தாறு வயதில் அக்காவிடம் பேச நான் மூன்று தடவை வாசல் வரை போய் மணியை அடிக்காமலே திரும்பினேன் என்றால் நீ சிரிப்பாய், சிரி. மத்தியானம் மூன்று மணி. நடுக்கூடத்துக் கட்டிலில் அவளுடைய பேரன், ஆறு மாதம், இரண்டு பக்கமும் தலையணை, தலைக்குக் கீழே ஒன்று, மேலே கம்பளி, ஜன்னலும் சாத்தியிருந்தது, ஏதோ கண்ணாடிச் சாமானைப் பார்சல் கட்டி அனுப்பப் போகிற மாதிரி இருந்தது. நான் மெதுவாக நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். நாலு பிள்ளை பெத்தவகிட்ட பெஞ்சு மாத்த வந்தவ சொன்னதைச் சொல்றியா என்றாள். தலகாணி வெக்கலைன்னா தலை எப்படிடா உருண்டையா வரும் என்றாள். அவள் பெற்ற நாலு தலையும் எனக்குத் தெரியும், மூத்தவனுக்குப் பின்மண்டை பஸ்ஸின் பின்பக்கம் மாதிரி இருக்கிறது, நாற்பது வயதில் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை என்று அம்மாவுக்குப் போன் போடுகிறவன், அந்த நால்வரையும் அத்தாட்சியாகக் காட்டுவதற்கே ஒரு தனித் துணிச்சல் வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை, எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அவள் அடுத்து, உன் பொண்ணுக்குப் படிச்ச திமிரு, நான் போய் நேராக்குறேன் பாரு என்று ஆரம்பித்துக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள், நான் தலையை ஆட்டிக்கொண்டே கட்டிலைப் பார்த்தேன். கம்பளிக்குக் கீழே இரண்டு கால் உதைத்தது. முகத்தைக் காணோம்.

மகளே, எனக்கு அதற்கப்புறம் இடுப்பு வலி இருந்ததா இல்லையா என்று தெரியாது. கம்பளியைப் பிடுங்கினேன். குழந்தையின் முகம் சிவந்து, முடி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தான், பிறகு அழுதான். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே, நன்றாக இருக்கிறான். பிரின்சிபால் என்ன சொன்னாள் தெரியுமா, அவனுக்கு முகத்தை மூடினாத்தான் தூக்கமே வரும், நீ ஏண்டா எழுப்பினே என்று சொல்லி அதே கம்பளியை எடுத்து, இந்தத் தடவை விலகாமல் இருக்க மெத்தைக்குக் கீழே செருகப் போனாள். இத்தனை வருஷம் அவளைக் கண்டு பயந்தேனே, இந்த அறிவைக் கண்டா பயந்தேன் என்று எனக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, அதில் பாதி அவள் மேல், பாதி என் மேல். கையிலிருந்து கம்பளியை வாங்கினேன், இரண்டு தலையணையை இடுக்கிக்கொண்டேன், நீ என் பொண்ணு வீட்டுக்குப் போக வேண்டாம்க்கா, டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடு என்றேன். வார்த்தை முழுசாக வெளியே வந்துவிட்டது. அவள் திருடா திருடா என்று கத்தாத குறை. வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், பின்னாலேயே காலடிச் சத்தம், அடிக்கத்தான் வருகிறாள் என்று குனிந்தேன். வந்தது அவளுடைய மருமகள், அந்தக் குழந்தையின் அம்மா, இந்த இரண்டு வருஷத்தில் அவள் குரலையே நான் கேட்டதில்லை. குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு கையில் இருந்த தலையணையை நீட்டினாள். மாமா, இது ஒண்ணு விட்டுட்டீங்க, இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க என்றாள். அதையும் வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தேன், தெருவெல்லாம் என்ன சார் டெலிவரியா என்று கேட்டது.

அத்தை இப்போது என்னோடு பேசுவதில்லை, இந்தப் பக்கம் வருவதும் இல்லை, இந்த வீட்டில் இவ்வளவு அமைதியாகச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. உன்னிடம் நேராகப் பேசி வந்துவிடலாம் என்று பார்க்கிறாளாம், மருமகள்தான் போனில் சொன்னாள், முழுசாக நாலு வாக்கியம் பேசினாள். அவள் பையன் இப்போது வெறும் விரிப்பில் மல்லாந்து நன்றாகத் தூங்குகிறானாம். அதனால்தான் இந்தக் கடிதம். அத்தை சொன்னா எதிர்த்துப் பேசாதே என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எதிர்த்துப் பேசு. கட்டிலைப் பற்றி நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது வாய்க்கொழுப்பு, மன்னித்துவிடு. (அம்மா, எழுதியாச்சு, காபி.) நர்ஸிடம் மறுபடி போய்ப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டு வந்தேன், ஒரு வயது முடிகிற வரைக்கும் விரிப்பைத் தவிரக் கட்டிலில் எதுவுமே வேண்டாமாம், பொம்மை கூடக் கிடையாது, குளிர் என்றால் உடம்போடு மாட்டுகிற பை மாதிரி உடுப்பு போதுமாம். ஒரு வயதுக்கு மேல் மெல்லிசாக, சின்னதாக ஒரு போர்வை, கனமே இருக்கக் கூடாது. தலையணை ஒன்றரை வயதுக்கு முன்னால் பேசவே வேண்டாம், இரண்டு வயது என்றால் இன்னும் நல்லது, அதுவும் தட்டையாக, கெட்டியாக, குஞ்சம் லேஸ் எதுவும் இல்லாமல். உனக்கு இதெல்லாம் தெரியும், உன் அப்பாவுக்கும் இப்போது தெரியும் என்று நீ தெரிந்துகொள்வதற்காகத்தான் எழுதினேன்.

அத்தைக்குப் பதில் அம்மா வருகிறாள், மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. மூன்று மாதம் இருப்பாள். இங்கே ஜிப்பை நானே தைத்துக்கொள்வேன், சோற்றையும் நானே வடித்துக்கொள்வேன், இரண்டில் எது கோணலாக வரும் என்று பக்கத்துக் கடை தச்சர் இப்போதே சிரிக்கிறார். அம்மா பாப்பாவைத் தூங்கவைக்கும்போது நீ சொல்கிறபடிதான் செய்வாள், மீறினால் எனக்கு எழுது, நான் அவளைக் கண்டிக்க மாட்டேன், எனக்கு அதற்கும் துணிச்சல் கிடையாது, ஆனால் உன் பக்கம் நிற்பேன்.

மகாராணி நூறு வயது, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து வாழட்டும், நீங்கள் இரண்டு பேரும் அவள் தூங்குகிற நேரத்திலாவது கொஞ்சம் தூங்குங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, அத்தை போன் செய்தால் மழுப்பாதே, எங்கப்பா வர வேண்டாம்னு சொல்லிட்டார் என்று சொல்லிப் பழியை என் மேல் போட்டுவிடு. மெத்தை தைக்கிறவன் மேல்தானே விழுகிறது, சத்தம் கேட்காது.

உன் சரிப்பாவுக்கு மேல் இரண்டு வார்த்தைக்குக் காத்திருக்கும்
அப்பா