மூன்று பேரிடம் கேட்ட வாடை

திங்கள், காலை 6.10
குமரி முனையிலிருந்து நிலாவுக்குக் கப்பல் விடத் தொடங்கிய வருஷம், தாமிரபரணியில் சித்திரையிலேயே வெள்ளம் வந்த வருஷம். அந்த வருஷந்தான் என்னை இந்த நிலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். புத்தி பேதலித்துக் கொலை செய்தவர்களுக்கான ஆஸ்பத்திரி. என் பெயர் மாசானம். எழுத்து தெரியாது, நான் சொல்ல மெஷின் எழுதும். சோற்றில் விஷம் என்று நினைத்துத் தம்பியைக் கொன்றேன். சோற்றில் ஒன்றுமில்லை. பதினோரு வருஷ மாத்திரைக்குப் பிறகு அது எனக்கே விளங்குகிறது. இப்போது இங்கே நோயாளிகள் நான், இதயராஜ், கோமதிநாயகம்; பார்த்துக்கொள்ள ஒரே ஒரு நர்ஸ். வியாழக்கிழமைக் கப்பலில் நோயாளிகள் மூன்று பேருக்கும் விடுதலை. தம்பி மகள் என்னை வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

திங்கள், பகல் 11.40
கூடத்தில் அழுகின கொய்யா வாடை. இங்கே ஒரு விதி: சந்தேகம் வந்தால் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். மூவரும் இல்லை என்றால் அது நோய், விட்டுவிட வேண்டும். கேட்டேன்.
இதயராஜ் சிரித்தான். "இப்ப மூக்குக்கும் கிறுக்குப் பிடிச்சிட்டா, பாட்டையா?"
கோமதிநாயகம் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல" என்றான்.
நர்ஸ் ஜெபராணி, "மூணு நாளா சளி. எனக்கு எந்த வாடையும் தெரியல, பெரியவரே."
அதையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய், காலை 9.05
தலைவலி. வாடை போகவில்லை. இதயராஜ் கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டிருக்கிறான். "ஏன்டே?" "சும்மாதான்." சும்மா யாரும் கட்டிலை இழுப்பதில்லை. பூமியிலிருக்கும் டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் நோய் திரும்பிவிட்டது என்பார். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே. அதுவரை தம்பி மகள் மனசு மாறாமல் இருப்பாளா? மாத்திரையை விழுங்கிக்கொண்டேன்.

புதன், காலை 7.30
கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. இதயராஜ் தரையில் உட்கார்ந்து அழுகிறான். "எனக்கு ஞாயித்துக்கிழமையே வாடை அடிச்சுது. அவனுக்கும் தெரியும். சொன்னா நோய் திரும்பிட்டும்பாங்க, கப்பல் போயிருமேன்னு..." குளிரூட்டும் குழாயிலிருந்து விஷவாயு கசிவதை ஜெபராணி கண்டுபிடித்துப் பூமிக்குச் சொன்னாள்.
வந்த செய்தி: "கப்பல் இன்று மாலை ஆறு மணிக்கே வரும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்."

புதன், பகல் 12.20
இதயராஜும் செத்துப்போய்விட்டான். மூன்று முகமூடிகளில் காற்று தீர்ந்துவிட்டது. கடைசிக் கூடத்துக்குத் தவழ்ந்து போய், அங்கே மிச்சமிருந்த ஒரே முகமூடியைக் கொண்டுவந்தேன். ஜெபராணி வாங்கவில்லை.
"இதுல என்ன செஞ்சீங்க, பெரியவரே?"
கேட்டது தப்பில்லை. நான் இங்கே வந்த காரணம் அவளுக்குத் தெரியும். அவள் பார்க்க ஐந்து மூச்சு நானே இழுத்துக் காட்டினேன். ஆறாவதுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கழற்றி அவள் முகத்தில் மாட்டினேன்.

புதன், பகல் 12.50
கதவைத் திறக்கிறவர்களுக்கு. மாசானம் பழையபடி ஆரம்பித்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள். யாரையும் நான் தொடவில்லை. குழாயைப் பாருங்கள். கால் மரத்துவிட்டது. அவள் இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கட்டும். பிழைத்தவர்கள் கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். உயிரோடு ஒரே ஒரு ஆள்... நர்ஸ் ஜெபராணி.