பொதுச் சுவரின் அந்தப் பக்கம்

சமயநல்லூர்
1938, ஆனி மாதம்

சிரஞ்சீவி கருத்தக்கண்ணனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். சுவருக்கு அந்தப் பக்கம் உன் பெரியப்பா வீட்டில் யாருக்கும் சுகமில்லை, அதற்குக் காரணம் கல்கத்தாவில் இருக்கும் நீ.

நம் மண்சுவர் ஓதம் காய வேண்டுமானால் இந்தப் பக்கம் ஒரு கம்பியும் வெளிப்பக்கம் எதிர்முனைக் கம்பியும் அடித்து பாட்டரியில் இணையுங்கள் என்று எழுதினாய். நமக்கு வெளிப்பக்கம் என்பது அண்ணன் விருமாண்டிக்கு உள்பக்கம். நீர் தரையில் இறங்கிவிடும் என்று நம்பி, அவர் பக்கம் கம்பி அடிக்கலாமா என்று கேட்டேன். தம்பி சொன்னால் சரி என்று கம்பியை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். வாடிப்பட்டி பஸ் ஷெட்டிலிருந்து பாட்டரிகள் கொண்டுவந்து இணைத்தோம். நம் பக்கம் காய்ந்தது. அவர் பக்கம் ஊறி, சுவரோரம் வைக்கோல் சுற்றிக் கட்டி வைத்திருந்த விதைநெல் கோட்டைகள் அத்தனையும் முளைவிட்டு அழுகின. ஆடி விதைப்புக்கு அவரிடம் ஒரு நெல்மணிகூட இல்லை. ஏன்டா வாத்தியாரே, உன் வீடு காய என் வீடு நனையணுமா என்று கேட்டார். அதன்பின் பேச்சில்லை, பொதுக்கிணற்றுப் பாதையிலும் முள் வெட்டிப் போட்டுவிட்டார்.

மண்ணுக்குள் நுண்துளைகள், துளையின் சுவரை ஒட்டிய நீரை மின்சாரம் இழுக்கிறது, நடுவில் உள்ள நீரும் கூடவே போகிறது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. சித்திரைத் திருவிழா நெரிசலில் சந்தின் சுவரோரம் நிற்பவர்களை நகர்த்தினால் நடுவில் நிற்பவனும் தன்னால் நகர்வான், அவ்வளவுதான். புரியாதது உன் பதில். விதை அழுகியதை எழுதினேன். பரிசோதனை வெற்றி, பெரியப்பா பக்கம் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியது என்று அளந்து எழுதுங்கள் என்கிறாய். அப்படியானால் நீர் எங்கே போகும் என்று உனக்கு முன்பே தெரியும். படிச்ச பிள்ளைக்கு அம்புட்டும் தெரியுது, சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கிறது மட்டும் தெரியலையாக்கும் என்றாள் உன் அம்மா. நான் அளக்கவில்லை, அளக்கவும் மாட்டேன்.

நம் விதைக்கோட்டைகளை அவர் வாசலில் இறக்கி வைத்தேன். தொடவில்லை. கம்பி பிடித்த கைக்கு உன் மகன் பதில் சொல்லட்டும் என்று உன் பெரியம்மா ராக்கம்மாள் மூலம் சொல்லி அனுப்பினார். அதனால் ஆடி பிறக்கும் முன் வந்து சேர். முதலில் அவர் வாசலில் நில். அவர் வா என்று சொன்ன பிறகு நம் வீட்டுக்கு வா.

நேற்று முனைகளை மாற்றி இணைத்துவிட்டேன். நீர் நம் பக்கம் திரும்பி வருகிறது. உன் புத்தக அலமாரி அந்தச் சுவரோரம்தான் இருக்கிறது. நான் நகர்த்தப் போவதில்லை.

பெற்றவன் என்பதால் ஆசி உண்டு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா,
சோணை