தோற்ற நாளில் கூப்பிடு

மோர்டன்,
மே 18, ஞாயிறு.

அன்பு மகன் டெனுசனுக்கு அம்மா எழுதுவது.

மாதாவின் துணையால் அப்பாவும் நானும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "ஓம் அம்மா, ஓக்கே" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அதனால்தான் கடிதம். கடிதத்தை இடையில் கட் பண்ண முடியாது பார். பார்சலில் மிளகாய்த்தூள், டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கிய பருத்தித்துறை வடை, இரண்டு சோடி கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன். கிளாஸ்கோவில் மே மாதமும் குளிராமே. வாடகை குறைவென்று அங்கே போனாய், மிச்சம் பிடித்த காசெல்லாம் ஹீற்றருக்குப் போகிறதோ என்னவோ.

உனக்கு நினைவிருக்கும். போன ஜூனில் வங்கி வேலையை விட்டுவிட்டு, இனி ஒன்லைனில் போக்கர் விளையாடித்தான் சீவிக்கப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, ஒரு தாளில் நான்கு சட்டம் எழுதி எங்கள் பிரிஜ்ஜில் ஒட்டினாய். விளையாட்டுக் காசும் வாடகைக் காசும் ஒன்றாகாது. விளையாட்டுக் காசில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேசையிலும் வைப்பதில்லை. ஒரு நாளில் மூன்று தரம் மேசையில் வைத்ததை முழுதாகத் தோற்றால் கொம்பியூட்டரை மூடுவது. ஒரு வருடத்தில் அந்தக் காசு பாதிக்குக் கீழே போனால் திரும்பவும் வேலை தேடுவது. அடுத்த மாதத்தோடு அந்த வருடம் முடிகிறது. "படிப்பிச்சது சூதாடவோ" என்று கேட்ட அப்பா, அதற்குப் பிறகு உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தத் தாளை அவர் கிழிக்கவுமில்லை.

நீ கூப்பிடும் நாட்களைக் கோயில் கலண்டரில் பேனையால் வட்டமிடுவது என் பழக்கம். வேறொன்றுக்குமில்லை, பார்த்துச் சந்தோசப்படத்தான். பெப்ரவரியில் பதினொரு வட்டம். ஏப்ரலில் இரண்டே இரண்டு. ஈஸ்டருக்குக்கூட "பிசி அம்மா" என்று ஒரு மெசேஜ். கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கங்களைப் புரட்டினேன். அந்தந்த நாளில் நீ சொன்னதை யோசித்துப் பார்த்தால், நீ கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் நீ வென்ற நாள். ஒரு தரமாவது "இண்டைக்குத் தோத்துப்போனன்" என்று நீ சொன்னதில்லை. நான் ஒரு மடைச்சி, பதினொரு மாதமாக என் பிள்ளை தோற்பதே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் வந்தது உண்மை. போனை எடுத்துத் திட்டத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். நீ கூப்பிட்டதும் நான் முதலில் என்ன கேட்பேன்? "வெண்டியோ?" சாப்பிட்டாயா என்பதுகூட இரண்டாவதுதான். வென்றேன் என்றால் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி, பாரிசில் இருக்கும் மாமிக்கு ஒரு போன். அப்படிப்பட்ட தாயிடம் தோற்ற கதையை எந்தப் பிள்ளை சொல்லும்? பிழை என்னுடையது, டெனு.

போன கிழமை கேர் ஹோமில் நான் பார்க்கும் ஒரு வயதான பெண் நடக்கும்போது விழுந்துவிட்டார். வழுக்காத செருப்புப் போட்டுவிட்டிருந்தேன், கையையும் பிடித்திருந்தேன், அப்படியிருந்தும் கால் மடிந்துவிட்டது. அவருக்குப் பெரிய காயமில்லை, நான்தான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். மனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செய்யவேண்டியதைச் சரியாகத்தான் செய்திருக்கிறாய், போய் ஒரு தேநீர் குடி என்றார். "சரியா விளையாடியும் தோக்கிறது இருக்கு அம்மா, பிழையா விளையாடி வெல்லுறதும் இருக்கு" என்று நீ முன்பு சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எனக்குச் சொல்ல ஒரு மனேஜர் இருந்தார். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். காசு போவதைப் பற்றியல்ல. வென்றுவிட்டுத்தான் அம்மாவுக்குக் கூப்பிடவேண்டும் என்று காத்திருந்து காத்திருந்து, அந்த ஆசையிலேயே ஒருநாள் பெரிய காசு வைக்கும் மேசையில் போய் உட்கார்ந்துவிடுவாயோ என்றுதான் பயம். அப்போது உன் சட்டங்களை முறிப்பது எதிரில் விளையாடுபவன் இல்லை, நான்தான்.

இனி அப்பாவின் கதை. சிரிக்காதே.

இரண்டு கிழமைக்கு முன்னால், பூசை முடிந்து வந்து ஐபாடோடு ஒரு மூலையில் இருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் கிரிக்கெட்டாம். எட்டிப் பார்த்தேன். போக்கர்! காசு வைத்தல்ல, சும்மா பழகுவதற்குக் கொடுக்கும் காய்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் அத்தனையையும் தொலைத்துவிட்டார். கூடாத சீட்டு வந்தால் வைத்துவிட்டு ஒதுங்கவேண்டிய விளையாட்டில், வந்த சீட்டு எதையுமே அவர் கீழே வைக்கவில்லை. கூட்டாளி சண்முகராசா அண்ணையோடு முப்பது வருடமாக முந்நூற்றிநாலு சீட்டு அடித்த கை அல்லவா? அந்த விளையாட்டில் கைக்கு வந்த சீட்டை வைத்துவிட்டு ஒதுங்கியிருப்பது கிடையாதாம். "வைச்சுப்போட்டு இருந்தால் பயந்தவன் எண்டெல்லோ நினைப்பாங்கள்" என்கிறார். யார் நினைப்பது? பிரேசிலிலோ எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவன்.

நாலைந்து நாள் இப்படியே போனது. பிறகு பிரிஜ்ஜில் இருந்த உன் தாளைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்று தரம் தோற்றதும் மூடிவைக்கப் பார்த்தார். எங்கே முடிந்தது? "இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு" என்று எட்டாவதில்தான் நிறுத்தினார், அதுவும் காய் முடிந்துபோனதால். நேற்றுத்தான் முதல் தடவையாக மூன்றோடு எழும்பினார். நேரே குசினி வாசலுக்கு வந்து நின்றார். "சும்மா காய்க்கே எனக்கு எழும்ப ஏலாமக் கிடக்கு. உவன் சொந்தக் காசில ஒவ்வொரு நாளும் எழும்புறானோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யாகாமல் பார்த்துக்கொள், ராசா.

ஜூன் முடிவில் கையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். பாதிக்கு மேல் இருந்தால் விளையாடு. கீழே போயிருந்தால் நீ எழுதியபடி வேலை தேடு. இரண்டிலும் எனக்கு வெட்கமில்லை. இந்த வருடத்தில் நீ கெட்டுப்போகவில்லை, பொறுமை படித்திருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். உன் அப்பாவையே மூன்றோடு எழும்ப வைத்த தாள் அல்லவா அது. எனக்கு ஒன்றே ஒன்று செய். தோற்ற நாளில் கூப்பிடு. "வெண்டியோ" என்று இனி என் வாயால் வராது. "சாப்பிட்டியோ, மூண்டோட எழும்பினியோ" என்று மட்டும் கேட்பேன்.

வடை நமுத்துப்போக முன் சாப்பிடு. காலுறையைப் போட்டுக்கொள். வெல்லும்போதும் தோற்கும்போதும் மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

பாசத்தோடு அம்மா,
செ. கிளறிற்றா.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் அப்பா வாங்கி முழுவதையும் வாசித்தார். தன்னைப் பற்றி எழுதியதற்குத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "வெண்டால் உன்ரை நம்பருக்கு எடுக்கட்டும். தோத்த நாளில என்ரை நம்பருக்கு எடுக்கச் சொல்லு." டைல்ஸ் வேலைக்குப் போனால் போனை வானுக்குள்ளேயே விட்டுவிடுகிற மனிதர், இந்தக் கிழமை முழுக்க அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். நம்பர் பழைய நம்பர்தான்.