அவர் வேண்டாம் என்ற படம்

ஜனவரி 24, வெள்ளி. தஞ்சாவூர்.

எங்களுடையது பல நாட்டு மாணவர்கள் படிக்கும் பள்ளி; ஒவ்வொரு பருவமும் ஒரு நாட்டுக்குப் போய் நடக்கும். போன பருவம் பெரு. இப்போது என் சொந்த ஜில்லா. வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் மொழிபெயர்ப்பும் என் வேலை.

இன்று படக்கட்டுரைப் பாடத்துக்காகத் திருவையாறு தாண்டி ஒரு வயலுக்குப் போனோம். அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துக் கிடந்தது. குத்தகைக்குப் பயிரிட்ட செல்வி அக்கா வரப்பில் உட்கார்ந்து அழுதார். என் குழுவில் இருக்கும் க்ளாரா கேமராவைத் தூக்கினாள்.

"படம் வேணாம்னு சொல்லும்மா. வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருக்காரு, அவருக்கு இன்னும் தெரியாது. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"என்ன சொல்கிறார்?" என்றாள் க்ளாரா.

"எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்" என்றேன்.

நல்ல படம் கிடைத்தால் நல்ல மதிப்பெண். அதைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

மாலையில் படம் பள்ளியின் இணையப் பக்கத்தில், ஊர்ப் பெயரோடு வந்துவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள். நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். ஆசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் உடனே படத்தை நீக்கினார். பிறகு செல்வி அக்காவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"அவரு பாத்துட்டாரும்மா. யாரோ அனுப்பியிருக்காங்க. ஃபோன்ல அழுதாரு."

மன்னிப்புக் கேட்டேன். 

"நம்ம ஊருப் புள்ளதானேன்னுதான் உங்கிட்ட சொன்னேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

நாளைக்கும் அதே வயலுக்குத்தான் போகிறோம்.