தாழ்ப்பாளுக்குச் சந்தனம்

மயிலாப்பூர்
15.9.2025

என் அக்கா பெற்ற அறிவுக்கடலே, ஷண்முகப்ரியா,

இரண்டாம் மாடிச் சக்கரவர்த்தி கருணாகர மாமா ஆசீர்வதித்து எழுதுவது.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேனே, வாசல் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் அதை உடைத்துத்தான் என்னை எடுத்தார்கள். இனி புதிதாக மாட்டிய தேக்குக் கதவில் ஒரு ஆணி இறங்கினாலும் காலி செய்ய வேண்டும் என்றார் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன். தனியாக இருந்தது போதும், அடையாறுக்கு வந்துவிடுங்கள் என்றாய் நீ. இரண்டு பேர் வாயையும் அடைக்க நீயே ஒரு பெட்டி செய்து தாழ்ப்பாள் மேல் ஒட்டிவிட்டுப் போனாய். சோப்புப் பெட்டி அளவுதான். ஆணி இல்லை, துளை இல்லை.

நேற்று உன் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து போனில், "இப்ப பாருங்க மாமா" என்றாய். அங்கே நீ போனைத் தட்ட, இங்கே ஆளே இல்லாமல் தாழ்ப்பாள் நகர்ந்தது. என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியும் எழுந்து நின்று கைதட்டின. தரிசனத்துக்கு வந்த கூட்டம் லஸ் முனையைத் தாண்டிவிட்டது. கூட்டம் என்றால் கீழ்வீட்டு சாய்மாவும் சிலிண்டர் போட வந்தவரும்.

ஆகவே என்னை அடையாறுக்குக் கூப்பிடும் பேச்சு இத்துடன் ரத்து.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி

அடையாறு
2.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் திட்டினால் சிரிக்கவைத்தே தப்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று காலையிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தேன், நகரவில்லை. பட்டறையில் ஆயுத பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். மாமா மறுபடி விழுந்துகிடக்கிறார், என் பெட்டியே அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

கதவை இடித்தால், வாயில் சுண்டலோடு நீங்கள் தாழ்ப்பாளைக் கையால் நெம்பித் திறக்கிறீர்கள். போன் சரஸ்வதி படத்துக்கு முன்னால் படுத்திருக்கிறது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். இடுக்கில் இறங்கிக் காய்ந்து பல்சக்கரமே இறுகிப்போயிருக்கிறது.

"பூஜையில வெச்ச ஆயுதத்தை அன்னைக்கே எடுக்கலாமா?" என்று கேட்டீர்கள்.

சுரண்டித் துடைத்துவிட்டேன், இனி ஓடும். ஆனால் மாமா, அது கதவைத்தான் திறக்கும். கீழே கிடக்கிறவரைத் தூக்க ஆள் வேண்டும். இனிமேல் உங்களை அடையாறுக்குக் கூப்பிட மாட்டேன்.

ஷண்முகப்ரியா

மயிலாப்பூர்
16.10.2025

என் ஷண்முகப்ரியா,

தாழ்ப்பாள் தானாக நகர்ந்ததை உலக அதிசயம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது ஒன்றுமே இல்லை. அன்று கதவைத் திறந்தபோது, ஒரு காலில் செருப்பில்லாமல், முகமெல்லாம் நனைந்து நீ நின்றாய். எனக்காக ஒருவர் அப்படி ஓடிவந்து நான் பார்த்ததில்லையம்மா. அதை ஊதிப் பெருக்கிச் சொல்ல எனக்கே வார்த்தை கிடைக்கவில்லை. என் வாய் வேலைநிறுத்தம் செய்தது இதுதான் முதல் தடவை.

வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். நீ சொல்லிக்கொடுத்தபடி ஒட்டுப்பட்டையை மெதுவாக இழுத்துப் பெட்டியைக் கழற்றினேன். ஸ்ரீரங்கன் டார்ச் அடித்து, கதவில் மூக்கை வைத்துத் தேடினார். தேக்கில் ஒரு கீறல் கிடையாது. "இங்கேயா இருந்துச்சு?" என்றவர் கதவைத் தடவிக்கொண்டே நின்றார்.

புரட்டாசியில் வீடு மாறக் கூடாதாம். நாளை மறுநாள் ஐப்பசி பிறக்கிறது, வந்துவிடுகிறேன். பட்டத்து யானைக்கு விடுமுறை, ஆட்டோதான்.

ஒரு காரியம் செய். எனக்குக் கொடுக்கப்போகும் அறையில் உள்தாழ்ப்பாள் இருந்தால் இப்போதே கழற்றிவிடு. கண்ணில் பட்டால் பழக்கதோஷத்தில் கை போட்டுவிடும்.

உன்,
கருணாகர மாமா