தலைகீழாக அச்சான பாதி

அன்புள்ள உமக்கு,

போன கிழமை போன் எடுத்தபோது, "அவள் இப்ப கதைக்க மாட்டாளாம் தம்பி" என்றார் உம்முடைய அக்கா. அதனால் மூதூருக்கு, அக்கா வீட்டுக்கே எழுதுகிறேன்.

நீர் நெடுநாளாய்த் தேடிய லூட் நரம்பு வாத்திய இசைப் புத்தகம் கிடைத்துவிட்டது. நானூறு வருடப் பழசு. ஐரோப்பிய நூலகமொன்று பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. லூட்டுக்கு ஏற்றபடி என் கிட்டாரின் மூன்றாம் நரம்பை அரைச்சுரம் இறக்கிவிட்டு, தட்டுத்தடுமாறி வாசிக்கிறேன். சிரியாதேயும்.

ஒரு பக்கத்தில் பாதி தலைகீழாக இருந்தது. பிழையென்று நினைத்து நூலகத்துக்கு எழுதினேன். "பிழையில்லை. அது இருவருக்கான இசை. புத்தகத்தை மேசையில் வைத்து, எதிரெதிரே இருந்து வாசிப்பார்கள்" என்று பதில் வந்தது.

நீர் வீட்டை விட்டுப் போன அன்று நான் சொன்னதைப் பற்றி எழுதத் தொடங்கி நாலு தரம் கிழித்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். என் பாதி ஓரளவு வருகிறது. நேற்று உம்முடைய கதிரையில் இருந்து மற்றப் பாதியையும் வாசித்துப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் ஏலவில்லை, எழும்பிவிட்டேன். தாளை எடுக்க மனமில்லாமல் குசினியில், அடுப்புக்குப் பக்கத்திலேயே சாப்பிடுகிறேன்.

ஞாயிறு காலை மூதூர் பஸ் வரும்போது நிலையத்தில் நிற்பேன். அடுத்த ஞாயிறும் நிற்பேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவன்