ஓடுபாதைக்குள் அகப்பட்ட மாரியாயியின் வீட்டுக் காணி

அனுப்புநர்:
மு. அப்துல் லத்தீப்,
ரன்வே ஹோட்டல்,
கீழ்ப்பிரிவுச் சந்தி, நீலவத்தைத் தோட்டம்,
பசறை.

பெறுநர்:
திட்டப் பணிப்பாளர் அவர்கள்,
மலைநாட்டு உள்ளூர் விமான நிலையத் திட்டம்,
பதுளை.

பொருள்: ஓடுபாதையை முதலில் அளந்த இடத்துக்கே திருப்பி, திருமதி மாரியாயியின் வீட்டுக் காணியை விடுவிக்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி சந்தியில் தேநீர்க்கடை நடத்துபவன் நான். கடையின் பெயரைக் கண்டு தாங்கள் சிரிக்கக்கூடும். விமான நிலையம் வரப்போகிறது என்று முதன்முதலில் மேடையில் சொன்னபோது, இறங்கும் பயணிகள் என் கடையில்தான் ரொட்டி தின்பார்கள் என்று நம்பிப் பெயர்ப்பலகை மாட்டியவன். இன்றுவரை இறங்கியவர்கள் பசறை பஸ்ஸில் வந்தவர்கள் மட்டுமே. ஊரார் என்னை அண்ணன் முறை வைத்துப் 'பைலட் நானா' என்கிறார்கள். "பெரிய பைலட்டு, பால் பொங்குது பாருங்க" என்று என் மனைவி மர்லியாவும் தன் பங்குக்குச் சொல்வதுண்டு.

2. திட்டத்தின் வரலாறு தங்கள் அலுவலகத்தில் இருக்கும். தோட்டத்தில் வழங்கும் வரலாறு சற்று வேறு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரை ஓட்டிய மட்டமான நிலம் எங்கள் கீழ்ப்பிரிவில் உண்டு. மலைநாட்டில் மட்டமான நிலத்தைக் கண்டால் பெரியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அங்கே விமானம் இறங்கும். தேர்தல் முடிந்ததும் புறப்பட்டுவிடும். அந்த வகையில் இது சுறுசுறுப்பான விமான நிலையம் என்பதை மறுப்பதற்கில்லை.

3. கடைசியாக உண்மையாகவே அளந்தார்கள். தேயிலை மலையின் ஓரத்தில், தலையில் சிவப்புச் சாயம் பூசிய கல்லொன்றை நட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அது கவ்வாத்து தொடங்கும் காலம். தேயிலைச் செடியை வெட்டக் கத்தியெடுக்கும் முன், மலையில் ஒரு கல்லை வைத்துக் கவ்வாத்துச்சாமி கும்பிடுவது இங்குள்ள வழக்கம். வேலைக்கு வந்தவர்கள் பார்த்தால், குங்குமம் வைத்ததுபோல் கல் தயாராக நிற்கிறது. இப்போதைய தோட்டத்துரைதான் நட்டுவைத்திருக்கிறார் என்று மகிழ்ந்து, மஞ்சள் துணி கட்டி, சூலம் நட்டு, விளக்கேற்றி, சேவல் அறுத்து, தேங்காய் உடைத்தார்கள். தேங்காய் என் கடைச் சரக்கு, நல்ல தேங்காய்.

4. மறுமுறை வந்த அளவையாளர்கள் சூலத்தையும் விளக்கையும் கண்டதும், துணிக்குள் இருப்பது தங்கள் கல்லென்று அறியாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். சாமி நிலத்தைத் தொட வேண்டாமென்று, மிகுந்த பக்தியோடு ஓடுபாதையைப் பக்கத்தில் தள்ளிக் கோடு போட்டார்கள். தங்கள் திட்டம் தன்னுடைய கல்லையே கும்பிட்டு ஒதுங்கிப்போன விபரம் இதுதான்.

5. ஒதுங்கிய கோடு விழுந்தது, ஒரு வீட்டுக்கு மட்டும் போதுமான மாரியாயியின் ஏழு பேர்ச் காணியில். அவர் கொழுந்தெடுப்பவர், கணவரை இழந்தவர். போன ஐப்பசி மழையில், தோட்டத்து வரிசைவீட்டில் அவருடைய லயக்காம்பராவின் பின்சுவர் மண்ணோடு சரிந்தது. தனிவீடு கட்டக் காணி தந்தார்கள், அத்திவாரமும் போட்டாயிற்று. இப்போது விமானத்துக்கு இடைஞ்சலென்று வேலை நிறுத்தப்பட்டுள்ளது. அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் பிள்ளைமடுவத்தில் படுக்கிறார்கள். மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விடும் முன் பாயைச் சுருட்டிவிட வேண்டும். "பிளேனு மேல தானங்க போகும்? நான் கீழ தான இருக்கப்போறேன்?" என்று என்னிடம் கேட்டார். பைலட் என்று பெயர் வாங்கியும் எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் அறியத்தரவும்.

6. சாமியைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. பூசை செய்யும் செல்லமுத்துவிடம் விடயத்தைச் சொன்னோம். அவர் வெற்றிலை வைத்து உத்தரவு கேட்டுவிட்டு, "சாமிக்கு எந்த மலையா இருந்தா என்னாங்க, வாங்க தூக்குவோம்" என்றார். வேறொரு கல்லில் சாமியை இறக்கி, மேல்மலைக்குக் கொண்டுபோய் வைத்தாயிற்று. தங்கள் கல் கழுவித் துடைத்தபடி அங்கேயே நிற்கிறது. விண்ணப்பம் இல்லாமல், ஒரே பகலில் சாமிக்கு மாற்றிடம் கிடைத்துவிட்டது. மாரியாயிக்குத்தான் இன்னும் இல்லை.

ஆகவே, ஓடுபாதைக் கோட்டைப் பழைய இடத்துக்கே திருப்பி, போட்ட அத்திவாரத்தின்மேல் சுவர் எழுப்ப எழுத்தில் அனுமதி தருமாறு தயவாக வேண்டுகிறேன். அடுத்த மழைக்கு முன் தந்தால் பேருதவியாக இருக்கும். விமானம் எப்போது வந்தாலும் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை, ஐயா. மழைதான் சொல்லாமலே வந்துவிடுகிறது.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மு. அப்துல் லத்தீப்
(ஒப்பம்)

மேற்கூறியவை உண்மை:
மாரியாயி
(ஒப்பம்)

இடம்: பசறை
திகதி: 12.03.2025